பயத்தை வாசல்ல விட்டுட்டு வரணுமா? – ஐயரம்மா பதில்கள்

சபை ஐயரோட (பாஸ்டரோட) மனைவிங்கிறதால எல்லாரும் ஐயரம்மான்னு கூப்பிடுற எனக்கு இந்த மாசம் வந்த லெட்டரையும், வாட்ஸ்அப்ல வந்தத பேரன் பிரிண்ட் எடுத்து குடுத்ததையும் சேத்து வச்சு படிச்சேன். முக்கால்வாசி பேர் ஒரே விஷயத்ததான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. கஷ்டத்துல பயமா இருக்கு, அந்த பயத்தோடயே ஆண்டவர்கிட்ட போலாமா, இல்ல செருப்ப கழட்டி வைக்கிற மாதிரி அத வாசல்லயே விட்டுட்டுதான் உள்ள போணுமா? அதனால மாமியார் மருமக கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

ஸ்தோத்திரம்மா. எங்களுக்கு ஏரல் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்துல எங்க வீட்டுக்காரரோட மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர் கடை முழுசா முங்கிருச்சு, ரிப்பேருக்கு வந்த சாமான், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் ஒரே சேறு. கடைய திரும்ப நிமித்த தாலிச் செயின் தவிர 11 பவுனையும் அடகு வச்சோம். வட்டி கட்ட முடியல, இப்ப ஏல நோட்டீஸ் வந்துருச்சு. வீட்டுக்காரர்கிட்ட இன்னும் காட்டல, அரிசி டிரம்முக்கு அடியில வச்சிருக்கேன். தினமும் காலைல ஜெபம் பண்றேன், ஆனா அந்த நோட்டீஸ பத்தி மட்டும் வாய் வர மாட்டேங்குது, "எல்லாத்தையும் நன்மையா முடிச்சு தாரும்"னு பொதுவா சொல்லிட்டு எந்திரிச்சிடுறேன். ஜெபக்குழு அக்காட்ட பயமா இருக்குன்னு சொன்னா, பயம்னாலே விசுவாசக் குறைச்சல், பயத்தோட கேட்டா கெடைக்காதுங்கிறாங்க. நெசமாம்மா?

இல்லம்மா. அந்த அக்கா நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க, ஆனா அது தப்பு. வேதத்துல "பயப்படாதே" 365 தடவ இருக்கு, நாளைக்கு ஒண்ணுன்னு பிரசங்கத்துல சொல்லுவாங்க, உக்காந்து எண்ணிப் பாத்தா அந்த கணக்கு வராது, அது கிடக்கட்டும். அந்த வார்த்தைய யாருக்கு சொல்லியிருக்குன்னு பாருங்க. கிதியோன், மரியாள், ராத்திரி மந்தை காத்துட்டு இருந்த மேய்ப்பர்கள், எல்லாரும் ஏற்கனவே நடுங்கிட்டு இருந்தவங்கதான். பயந்துட்டியா, அப்ப உன்கிட்ட பேச மாட்டேன்னு யாரையும் வெளிய தள்ளல. 56ஆம் சங்கீதத்துல தாவீது "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்"ங்கிறார். பயம் தீந்த பிறகு நம்புவேன்னு சொல்லல பாருங்க, பயப்படுற அதே நாள்ல.

உங்க லெட்டர படிச்ச உடனே எனக்கு வேதத்துல வர்ற யூதா தேசத்து ராஜா எசேக்கியா ஞாபகம்தான் வந்துச்சு. 2 இராஜாக்கள் 18, 19 ரெண்டு அதிகாரத்தையும் இன்னைக்கே எடுத்து படிங்க, உங்க வீட்டு கதை மாதிரியே இருக்கும். அசீரியா ராஜா சனகெரிப் யூதா தேசத்து மேல வர்றான், கிமு 701ல. ஊர் ஊரா புடிச்சிட்டு வர்றான், 46 ஊர புடிச்சேன்னு அவனே களிமண்ணுல எழுதி வச்சிருக்கான், அது இன்னைக்கும் லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, எசேக்கியாவ கூண்டுல அடைச்ச குருவி மாதிரி வச்சேன்னு வேற பீத்தியிருக்கான். எசேக்கியா மொதல்ல என்ன பண்ணினாருன்னா பணத்த குடுத்து தப்பிக்க பாத்தார். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து தங்கம் கேட்டான், தாலந்துங்கிறது அந்தக் காலத்து எடைக் கணக்கு. கஜானாவுல இருந்தது பத்தல, ஆலயத்து கதவுல தான் போட்ட தங்கத் தகட்டையே உரிச்சு குடுத்தார். கதவுத் தங்கம்மா! வீட்டு நகையெல்லாம் கழட்டி குடுத்த உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யாரும் வெளக்க வேணாம். அத்தனையும் வாங்கிட்டு அவன் போனானா, இல்ல. திரும்ப ஆள அனுப்பினான், மெரட்டி ஒரு லெட்டரும் குடுத்து விட்டான்.

அந்த லெட்டர எசேக்கியா என்ன பண்ணினார்னு கவனிங்க. படிச்சார், மடிச்சு ஒளிச்சு வைக்கல, நேரா ஆலயத்துக்கு எடுத்துட்டு போய் ஆண்டவருக்கு முன்னால விரிச்சு வச்சார். ஆண்டவருக்கு தெரியாததா? இருந்தாலும் விரிச்சார். என்ன எழுதியிருக்குன்னு நீரே பாரும்ன்னார். அதுக்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு ரொம்ப பிடிக்கும், அசீரியாக்காரன் மத்த தேசத்தையெல்லாம் அழிச்சது நெசந்தான் ஆண்டவரேன்னு ஒத்துக்கிட்டார். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு மனச ஏமாத்திக்கல. எதிரி சொல்றதுல உண்மை இருக்கு, அதனாலதான் பயமா இருக்கு, அதனாலதான் உம்மகிட்ட வந்தேன். அவ்வளவுதான் அந்த ஜெபம், நீளமும் ஒண்ணும் பெருசு இல்ல.

அதனால டிரம்முக்கு அடியில இருக்கத வெளிய எடுங்கம்மா. நாளைக்கு காலைல பாய் விரிச்சு உக்காரும்போது அந்த நோட்டீஸையும் முன்னால விரிங்க. எத்தன ரூபா, என்ன தேதி, எந்தெந்த நகை, உங்க அம்மா போட்ட வளையல் எது, மக பேருக்குன்னு எடுத்து வச்ச கம்மல் எது, ஒவ்வொண்ணா சொல்லுங்க. "நன்மையா முடிச்சு தாரும்"ங்கிறது தப்பான ஜெபம் இல்ல, ஆனா நீங்க அத ஒரு போர்வை மாதிரி எடுத்து நோட்டீஸ் மேல மூடிக்கிறீங்க. அழுகை வந்தா அழுங்க. அடுத்த வீட்டுக்கு கேக்குமேன்னு தோணுனா டேப்ப தொறந்து விட்டுட்டு அழுங்க, நான் அப்படித்தான் பண்ணுவேன், தண்ணி வேஸ்ட்டுன்னு எங்க வீட்ல ஒரு ஆள் திட்டுவார்.

அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்காரர்கிட்டயும் காட்டிருங்க. எசேக்கியாவும் தனியா சுமக்கல, ஏசாயா தீர்க்கதரிசிக்கு ஆள் அனுப்பி சொன்னார். இன்னொண்ணும் பண்ணினார், ஊருக்குள்ள தண்ணி வர பாறைய கொடைஞ்சு வாய்க்கால் வெட்டினார், ஐநூறு மீட்டருக்கு மேல நீளம், எருசலேம் டூர் போறவங்க இன்னைக்கும் அதுக்குள்ள முட்டியளவு தண்ணியில நடந்துட்டு வராங்க. ஜெபமும் பண்ணினார், பாறையும் வெட்டினார். உங்க பாறை அந்த அடகு ஆபீஸ் கவுன்ட்டர். ரெண்டு பேருமா போய் மேனேஜரப் பாருங்க, வட்டிய மட்டும் கட்டினா தேதி தள்ளுமா, ஒண்ணு ரெண்டு நகைய மட்டும் திருப்ப முடியுமா, ரெண்டு உருப்படிய நாமளே வித்து மிச்சத்த காப்பாத்தலாமான்னு வாய் விட்டு கேளுங்க, எதுக்கு ஒத்துக்கிட்டாலும் எழுத்துல வாங்குங்க. ஒருவேள ஏலத்துல போனாலும் அவங்க கடன், வட்டி, செலவு போக மிச்சப் பணம் உங்களுக்கு வந்து சேரணும், அது உங்க உரிமை, பலபேர் தெரியாம கேக்காமலே விட்டுடுறாங்க. ஜெபக் கேள்விக்கு நடுவுல இது எதுக்குன்னு எடிட்டர் தம்பி கேப்பார், இருக்கட்டும்னு விட சொல்லியிருக்கேன்.

நகை திரும்பி வந்துரும்னு நான் வாக்கு குடுக்கல. அது எனக்கு தெரியாதும்மா.

அக்கா, எனக்கு 8 வயசுல ஒரு பொண்ணு. அதே வெள்ளத்தப்ப நாங்க ரெண்டு ராத்திரி மொட்டை மாடியில இருந்தோம். இப்ப லேசா தூறல் போட்டா கூட எந்திரிச்சு உக்காந்துடுறா, ஸ்கூல் பேக்க எடுத்து பரண்ல வைக்க சொல்றா. "ஏசப்பா இருக்கார், பயப்படக் கூடாது"ன்னு சொல்லித்தான் ஜெபம் பண்றேன், ஆனா அவ "நானும் பயப்படலப்பா"ன்னு சொல்லிட்டு போர்வைக்குள்ள நடுங்குறா. எப்படி ஜெபிக்க சொல்லிக் குடுக்கட்டும்? – ஸ்ரீவைகுண்டம் தகப்பன்

தம்பி, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுன மழை அது, உங்க ஊர் ஸ்டேஷன்ல ரயிலோட நூத்துக்கணக்கான பேர் மாட்டிக்கிட்டாங்க, பெரியவங்களே இன்னும் மறக்கல, 8 வயசு புள்ள எப்படி மறக்கும்? அவ சொன்ன "நானும் பயப்படலப்பா"தான் எனக்கு வலிக்குது. பயம்னு சொன்னா அப்பாவுக்கும் பிடிக்காது, ஏசப்பாவுக்கும் பிடிக்காதுன்னு அவளுக்கு தோணிருச்சு. நீங்க நெனச்சு பண்ணல, தெரியும்.

1992 நவம்பர்ல தாமிரபரணி பெருகி வந்தப்ப எங்க மகனுக்கு அஞ்சு வயசு. அப்ப நாங்க ஆத்துக்கு கிட்டத்துல ஒரு சபையில இருந்தோம். தண்ணி வடிஞ்சு பல நாள் ஆன பிறகும் அவன் கட்டில விட்டு எறங்க மாட்டான், தரையில கால் வைக்கும்போது தொட்டு பாத்துட்டுத்தான் வைப்பான். நானும் உங்கள மாதிரி வசனமா சொல்லிட்டு இருந்தேன். எங்க மாமியார்தான், அவ்வளவா படிப்பு இல்லாத மனுஷி, அவன மடியில போட்டுட்டு "எதுக்குல பயம், சொல்லு, பாட்டி ஆண்டவருக்கு அப்படியே சொல்லுதேன்"ன்னாங்க. அவன் சொல்ல சொல்ல இவங்க ஜெபத்துல சேத்துக்கிட்டாங்க. "ஆண்டவரே, கட்டிலுக்கு கீழ பாம்பு வந்துருமாம். ஆண்டவரே, கோழி செத்துருச்சாம். ஆண்டவரே, அப்பா ஆத்துல போயிருவாராம்." அந்த கடைசி வரி வரைக்கும் அவன் மனசுல அது இருக்குன்னே எனக்கு தெரியாது. அவங்க அப்பா பக்கத்து தெருவுல சாப்பாட்டு பொட்டலம் குடுக்க இடுப்பளவு தண்ணியில போனத ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்திருக்கான்.

அதனால மொதல்ல நீங்க சொல்லுங்க, "அப்பாவுக்கும் அன்னைக்கு பயமா இருந்துச்சு ஆண்டவரே"ன்னு அவ காது கேக்க சொல்லுங்க. அப்புறம் அவள சொல்ல விடுங்க, திருத்தாதீங்க. ஸ்கூல் பேக்க பத்தி ஜெபம் பண்ணினா சிரிக்காதீங்க, அவளுக்கு அதுதான் 11 பவுன். ஜெபம் முடிஞ்சு ரெண்டு பேருமா எந்திரிச்சு போய் பேக்க பரண்ல வச்சிட்டு வாங்க, ஒண்ணும் கொறைஞ்சு போகாது. இத்தன நாளாச்சே, தூக்கம் இன்னமும் சரியாகல, ஸ்கூல் போகவும் அடம்னா குழந்தைங்க மனசு பாக்குற டாக்டர்கிட்ட ஒரு தடவ கூட்டிட்டு போங்க.

ராத்திரி 2 மணிக்கு முழிப்பு தட்டி நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, செத்துருவேனோன்னு இருக்கு. வேல போனதுல இருந்து இப்படி. டாக்டர் மாத்திரை எழுதியிருக்கார். எங்க சபையில மாத்திரை போட்டா விசுவாசம் இல்லன்னு அர்த்தங்கிறாங்க, உபவாசம் இருக்க சொல்றாங்க. – கோவில்பட்டி வாசகர்

மாத்திரைய போடுங்க ஐயா. சுவிசேஷம் எழுதின லூக்காவ அப்போஸ்தலன் பவுல் பிரியமான வைத்தியன்னுதான் எழுதுறார், அவர வேலைய விட்டுட்டு வான்னு சொன்னதா எங்கயும் இல்ல. எலியா தீர்க்கதரிசிய பாருங்க, சூரைச்செடிக்கு கீழ உக்காந்து போதும் ஆண்டவரே, என் உயிர எடுத்துக்கோன்னு கேட்ட மனுஷன். அவர்கிட்ட வந்த தூதன் பிரசங்கம் பண்ணல, உபவாசம் இருக்கவும் சொல்லல. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து சாப்பிட சொன்னான், திரும்ப தூங்க விட்டான், திரும்ப எழுப்பி சாப்பிட சொன்னான். கேள்வி கேட்டதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். தூக்கம் கெட்டு கெடக்கிற உடம்புக்கு இன்னும் பட்டினியும் போட்டா படபடப்பு கூடத்தான் செய்யும்.

இதயத்தையும் தைராய்டையும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிருங்க. நடுராத்திரி தாங்கலன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கமே நடத்துறது, காசு கெடையாது, தமிழ்ல பேசலாம், எந்த நேரமும் எடுப்பாங்க. செத்துப் போலாம்ங்கிற நெனப்பு வந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, பக்கத்துல படுத்திருக்கிறவங்கள அப்பவே எழுப்பிருங்க. படபடப்பு வர்ற நேரத்துக்கு பெரிய ஜெபமெல்லாம் வேணாம், மூச்ச இழுக்கும்போது "ஆண்டவரே", விடும்போது "பயமா இருக்கு". அது போதும்.

மேடம், நான் அபுதாபியில இருக்கேன், 27 வயசு. கம்பெனியில ஆள் கொறைக்கிறாங்க, எந்த வாரம் என் பேர் வரும்னு தெரியல. ஊர்ல தங்கச்சி கல்யாணக் கடன் இருக்கு. ரூம்ல ஆறு பேர், ஜெபம் பண்ண எடமே இல்ல, பங்க் பெட்டுல போர்வைய இழுத்து மூடிட்டு பண்றேன். வார்த்தையே வரல, "ஆண்டவரே வேல போயிரக் கூடாது"ன்னு ஒரே வரிய திரும்ப திரும்ப சொல்லிட்டே தூங்கிடுறேன். அஞ்ஞானிகளப் போல வீண்வார்த்தை அலப்பக் கூடாதுன்னு வசனம் இருக்கே, இது அதுவா?

அது இல்ல தம்பி. நெறைய பேசினாதான் கடவுள் கேப்பார்னு நெனச்சு பேச்ச பெருக்குறத பத்தின வசனம் அது. உங்ககிட்ட இருக்கிறதே ஒரு வரி, அதுல எங்க அலப்புறது? பிடிபட்ட ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு ஆண்டவரே மூணாவது தரமும் போய் அதே வார்த்தைகளத்தான் சொல்லி ஜெபம் பண்ணினார்னு மத்தேயு எழுதி வச்சிருக்கார். ரொம்ப பயந்து போன மனுஷனுக்கு புதுசு புதுசா வார்த்தை வராது. 13ஆம் சங்கீதம் எடுத்து பாருங்க, ரெண்டே வசனத்துல நாலு தரம் "எதுவரைக்கும்" வரும். கரண்ட் போன வீட்டு கதவ தட்டுற மாதிரி தட்டிட்டே இருக்கார் அந்த ஆள்.

போர்வைக்குள்ள பண்றதுலயும் கொறை இல்ல. அன்னாள் உதடு மட்டும் அசைய சத்தம் வராம ஜெபம் பண்ணினா, ஏலி அவள குடிச்சிருக்கான்னு நெனச்சுட்டார், ஆலயத்துல உக்காந்திருந்த ஆசாரியருக்கே வித்தியாசம் தெரியல! வார்த்தை வராத அன்னைக்கு ஒரு சங்கீதத்த மொபைல்ல தொறந்து வாய்க்குள்ள படிங்க, மூவாயிரம் வருஷத்துக்கு கிட்ட பயந்து போன ஜனங்க ஒருத்தர் கிட்ட இருந்து ஒருத்தர் வாங்கி சொல்லிட்டு வர்ற வார்த்தைங்க, உங்களுக்கும் பொருந்தும். தங்கச்சி கடன் தொகைய அந்த ஒரு வரியோட சேத்துக்கோங்க. அப்பாகிட்ட நெலமைய இப்பவே சொல்லி வைங்க, கையில ஓலை வந்த பிறகு சொன்னா அவருக்கும் அதிர்ச்சி, உங்களுக்கும் பாரம்.

எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. சபையே 40 நாள் உபவாசம் இருந்துச்சு, சுகமாயிட்டார்னு தீர்க்கதரிசனம் கூட சொன்னாங்க. ஈஸ்டருக்கு முந்தி வர்ற தவசு நாள்ல போயிட்டார். இப்ப மூத்தவனுக்கும் சுகர் வந்திருக்கு, 31 வயசு. பயமா இருக்கு. ஆனா எந்த மூஞ்சிய வச்சிட்டு திரும்ப போய் கேக்க? கேட்டு என்ன ஆகப் போகுதுன்னும் இருக்கு. கோவமா வருதும்மா. – பேர் போடாதீங்க

போடலம்மா. உங்க லெட்டர மூணு நாள் கையில வச்சிட்டு இருந்தேன்.

எங்க ஐயா, என் வீட்டுக்காரர், போய் ஆறு வருஷம் ஆச்சு. எல்லாருக்கும் ஜெபம் சொல்லிக் குடுக்கிற நான் அதுக்கப்புறம் அஞ்சு மாசம் வாய் தொறந்து ஜெபம் பண்ணல. சாப்பாட்டு நேரத்துல ரெண்டு தட்டு எடுத்து வச்சிட்டு ஒண்ண திரும்ப அலமாரியில வைப்பேன், அந்த சத்தம்தான் அன்னைக்கு என் ஜெபம்னு இப்ப தோணுது, அப்ப தோணல. சுகமாயிட்டார்னு உங்களுக்கு சொன்னவங்க பொய் நம்பிக்கை குடுத்துட்டாங்க, அதுக்கு அவங்கதான் பதில் சொல்லணும், உங்க விசுவாசம் பத்தலன்னு யாராவது சொன்னா கதவ சாத்துங்க.

டோனாவூர்ல குழந்தைங்கள எடுத்து வளத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல களக்காட்டுல ஒரு குழியில விழுந்தாங்க. எத்தனையோ பேர் ஜெபிச்சாங்க. அவங்க எந்திரிக்கல, 1951ல சாகுற வரைக்கும் கிட்டத்தட்ட 20 வருஷம் படுக்கையும் அந்த ரூமும்தான். அவங்க கல்லறையில கல்லு கூட கெடையாது, பறவைங்க தண்ணி குடிக்க ஒரு தொட்டி, அதுல அம்மான்னு மட்டும் எழுதியிருக்கும். நான் அங்க போய் நின்னிருக்கேன். ஏன் எந்திரிக்கலங்கிறதுக்கு எனக்கு அங்க ஒரு பதிலும் கெடைக்கல. உங்களுக்கும் நான் ஒரு காரணம் கட்டி சொல்ல மாட்டேன்.

கோவமா போங்க. 88ஆம் சங்கீதத்துல கடைசி வசனம் வரைக்கும் வெளிச்சமே வராது, என் சிநேகிதங்கள கூட தூரமாக்கிட்டீரேன்னு ஆண்டவர் மேல பழி போட்டுட்டு அப்படியே முடிஞ்சிரும். அத வேதத்துல இருந்து யாரும் எடுத்து போடல. "அவருக்கு பண்ணாத நீர், இவனுக்கு என்ன பண்ணுவீரோன்னு எனக்கு பயமா இருக்கு"ன்னு சொல்லுங்க, அதையும் ஜெபம்னுதான் சொல்லணும். அத கூட சொல்ல முடியாத அன்னைக்கு சும்மா இருங்க, வேற யாராவது உங்களுக்காக சொல்லுவாங்க, இந்த வாரம் நான் சொல்றேன். மகனுக்கு கிட்னி டெஸ்டும் கண் டெஸ்டும் வருஷா வருஷம் பாக்க சொல்லுங்க, அவங்கப்பாவுக்கு நடந்தது இவனுக்கும் நடந்தே தீரும்னு ஒண்ணும் இல்ல, ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா நெறைய தடுக்கலாம்.

நான் இந்து. பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருந்து உங்க புத்தகம் வாங்கி படிப்பேன். மனசு சரியில்லன்னா நானும் உங்க ஆண்டவர்கிட்ட சொல்லலாமா, இல்ல ஞானஸ்நானம் எடுத்தாத்தான் கேப்பாரா? – தூத்துக்குடி

உங்க ஊர்ல ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுல மாதா பவனி பின்னால போற கூட்டத்துல போய் யாருக்கெல்லாம் ஞானஸ்நானம் ஆயிருக்குன்னு கேட்டா பாதி பேர் சிரிப்பாங்க. சொல்லுங்கம்மா, அட்ரஸ் ப்ரூஃப் எல்லாம் கேக்க மாட்டார். உங்க அக்காகிட்ட அவங்க வேதத்த ஒரு நாளைக்கு வாங்கி 56ஆம் சங்கீதம் 8ஆம் வசனத்த பாருங்க, கண்ணீர எடுத்து உம்முடைய துருத்தியில வையும்னு இருக்கும். துருத்தின்னா அந்தக் காலத்து தோல் பை, தண்ணி ஊத்தி வைக்கிறது. அக்காவுக்கு புத்தகத்த மறக்காம திருப்பி குடுத்துருங்க, போன மாசத்தது இன்னும் வரலன்னு அவங்களும் எனக்கு ஒரு லெட்டர் போட்டிருக்காங்க.